குடி கேளாத கல்யாணம்

அத்தியாயம் 14

அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு முதல் நாள் காலை, கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கந்தப்போடி, கண்ணகை வீட்டு வேலி வாசல் கடப்படியில் வந்து நின்று செருமினார். உள்ளே வரவில்லை. காரியமில்லாமல் யார் வளவுக்குள்ளும் கால் வைக்கிறவர் அல்ல அவர். வெளியே நின்று செருமினால் வீட்டுக்காரி கொண்டையை முடிந்துகொண்டு வந்துவிட வேண்டும். கண்ணகை வந்தாள்.

"நாளைக்கு நம்மட பொன்னாச்சி குடிட முறை. நினைப்பிருக்குத்தானே புள்ள?"

"இரிக்கு அம்மான். அம்மனுக்குத் தூக்கிற பானை கழுவிக் கவிழ்த்திட்டன்."

"பானை கிடக்கட்டும். அஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்பதான் அம்மன் வாசலில பேர் கூப்பிடப் போறம். கடல் வந்த, மறுகா சண்டை வந்த, ஒண்டும் ஒழுங்கா நடக்கல்ல. இந்த இடைக்குள்ள கலியாணம் முடிச்ச ஆக்கள் எல்லாரையும் கொப்பியில எழுதுறன். பொண்ணுட பேர், மாப்பிள்ளைட பேர், மாப்பிள்ளைட தாய்க்குடி." கக்கத்தில் இருந்த கொப்பியைத் தட்டினார். "உன்ட தங்கச்சி புருசன் என்ன குடி?"

கண்ணகை குனிந்து முந்தானை நுனியை முறுக்கினாள்.

"என்ன, வாயில தண்ணியா?"

"விசாரிச்சுச் சொல்றன் அம்மான்."

"மூணு வருசமா ஒரு வளவுக்க சோறு தின்னுறான். இனித்தான் விசாரிக்கப் போறியா?" கந்தப்போடி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்ட தாய் உயிரோட இருந்திருந்தா மூணு நாளும் பொறுத்திருக்கமாட்டாள். பின்னேரம் வாறன். குடிப்பெயரோட நில்."

அவர் போன பிறகும் கண்ணகை கடப்படியிலேயே நின்றாள். முகம் சுட்டது. அந்த மனிதர் கேட்டதில் பிழையில்லை. அதுதான் சுட்டது.

எங்கள் வாவிக்கரை ஊர்களில் குடி தாயோடு வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டே இராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கல்யாணம் என்று நினைத்தாலே பாவம். மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் கேட்பது குடி. வெற்றிலைத் தட்டு அதற்குப் பிறகுதான்.

அஜந்தாவின் கல்யாணத்தில் அந்த முதற்கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சென்ற வாரங்களில் பார்த்தோம். மருதத்துறையில் கடல் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணகை தாயையும் இழந்தாள், ஏழு வயது மகள் விதுர்ஷாவையும் இழந்தாள். புருசன் அதற்கு முன்பே வெல்லாவெளி வட்டையில், வயலுக்குள் விழுந்த ஷெல் குண்டில் போய்விட்டார். மிஞ்சியது அவளுக்குப் பதினான்கு வயது இளையவளான தங்கை அஜந்தா மட்டும். தறப்பாள் கூடாரங்கள் போட்ட முகாமில் இருந்த காலத்தில் வீடு கட்டவந்த மேசன் ஜெயந்தன் அவளைக் கண்டான், விரும்பினான், முகாம் பிள்ளையாருக்கு முன்னால் தாலி கட்டினான். எட்டு வயதில் தகப்பன் காணாமல் போனதால் பாதிரிமார் விடுதியில் வளர்ந்தவன் அவன். வாகரைப் பக்கம் இருந்த தாயையும் அதே கடல் கொண்டுபோயிருந்தது. கேட்பதற்கு அவன் பக்கம் ஒருவரும் இல்லை. கேட்க வேண்டிய கண்ணகையோ அன்றைக்குத் தறப்பாளின் நீல நிறத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள்.

அது அவள் விட்ட பிழை. பொன்னாச்சி குடியில் மூத்த பெண் விடக்கூடாத பிழை.

வீட்டுக்குள் வானொலி பாடிக்கொண்டிருந்தது. சண்டை முடிந்து மூன்று கிழமை. சந்தியில் கொடி கட்டி வெடி கொளுத்தியவர்கள் கொளுத்தினார்கள். மருதத்துறைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அஜந்தா மட்டும் எதற்கும் வானொலியை நிறுத்துவதில்லை. வானொலி நிலையத்துக்குக் கிழமைக்கு ஒரு தபால் அட்டை எழுதுவாள், பாட்டுக் கேட்பாள், தன் பெயரை வாசிக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். வாசித்தால் அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

இப்போது அவள் பாயில் காலை நீட்டி, ஏழாம் மாத வயிற்றின் மேல் துணிவளையத்தை வைத்துப் பூத்தையல் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னச் சட்டை ஒன்று. உள்ளங்கை இரண்டை விரித்த அகலம்.

"பிறக்க முன்ன உடுப்புத் தைக்கப்படாதெண்டு எத்தினை தரம் சொன்னன்?"

"தைக்கல்ல அக்கா. பூத்தான் போடுறன். சட்டை ஏறாவூரில வாங்கின." அஜந்தா நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "சட்டத்தில இடம் இரிக்கு."

"காட்டு."

அஜந்தா தயங்கினாள். பிறகு துணியைத் திருப்பிக் காட்டினாள். நெஞ்சுப் பக்கம் மஞ்சள் நூலில் இரண்டு இதழ்ப் பூ. அதற்குக் கீழே ஓர் எழுத்து. 'வி'.

கண்ணகை வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டா விதுர்ஷாட பேரைத்தான் வைப்பம் எண்டு மச்சானும் சொன்னவர். உங்களிட்டக் கேட்டுப்போட்டு..."

"கேட்டியா?"

"இப்ப கேக்கிறன்தானே அக்கா."

கண்ணகை குனிந்து துணியை வாங்கினாள். வளையத்தைக் கழற்றினாள். ஊசியை எடுத்துத் தங்கையின் பாயில் குத்தி வைத்தாள். பிறகு அந்த மஞ்சள் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தையல் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. அவசரப்படவில்லை. எழுத்து போன பிறகு துணியை மடித்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"என்ட பிள்ளையைக் கொண்டுபோன. பேரையாவது விட்டு வை."

நான்கரை வருசத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் சோகியும் சிப்பியும் பொறுக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டுவதுதான் அஜந்தாவின் பைத்தியம். கடல் ஏறிய அன்று விதுர்ஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனவள் அவள்தான். தென்னை மரத்தில் தொங்கியபடி தனியாகத் திரும்பிவந்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு ஒரு சிப்பியை அவள் தொட்டதில்லை.

அஜந்தா அழவில்லை. கண் மட்டும் சிவந்தது. "நீங்க சொல்லுவீங்க எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான் அக்கா," என்றாள். "நீங்க சொல்லாததுதான் எனக்கு ஏலாமலிருந்த."

"திங்கக்கிழமை வீட்டை விட்டுப் போறதெண்டு முடிவுதானா?"

"ஓம். மச்சான் விடிய வெள்ளாப்பிலயே வந்தாறுமூலைக்குப் போயிட்டார். கம்பஸுக்குள்ள புதுக் கட்டடம் கட்டுறாங்களாம், ரெண்டு வருசத்துக்கு வேலை. பக்கத்தில ஒரு வீடு பாத்திருக்கார். பிள்ளையும் அங்கயே..."

"தலைப்பிள்ளை தாய்வீட்டிலதான் பிறக்க வேணும்."

"தாய் இல்லையே அக்கா."

"நான் இரிக்கன்."

அஜந்தா துணியைத் தடவினாள். ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. "இரிக்கீங்கதான்," என்று மெல்லச் சொன்னாள். பிறகு கிளினிக் கார்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு மருத்துவிச்சி வரும் நாள்.

பத்தரை மணிக்குக் கடப்படியில் ஒரு மனிசி வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். கறுத்த மேனி, மூக்கில் இரண்டு பக்கமும் கல்லு. கையில் பன்புல்லில் இழைத்த பையில் மரமுந்திரிப் பழம்.

"பாட்டுக்குப் பேர் எழுதுற அஜந்தா ஜெயந்தன்ட வீடு இதா மகள்?"

"நீங்க ஆர்?"

"புஸ்பம். வாகரைப் பக்கம். ஞாயித்துக்கிழமை ரேடியோவில சொன்னாங்க, 'சுனாமியில் இறந்த எங்கள் மாமி சீனித்தங்கம் நினைவாக, மருதத்துறையிலிருந்து அஜந்தா ஜெயந்தன்' எண்டு. அரிசி புடைச்சுக்கொண்டு நிண்டனான், சுளகோட அப்பிடியே இருந்திட்டன்." மூச்சு வாங்கினாள். "சீனித்தங்கமும் நானும் ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவள்ட பொடியனை விடுதிக்கு அனுப்பேக்க பஸ்ஸில ஏத்திவிட்ட ஆள் நான்."

கண்ணகை அவளை உள்ளே கூப்பிட்டாள். வீடு தேடி வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். பனங்கட்டியும் வைத்தாள்.

புஸ்பம் வாயாடி. கதிரையில் உட்கார்ந்ததும் சீனித்தங்கத்தின் பல் எடுப்பு, அவள் கணவாய்க் கறியின் உறைப்பு, கடனாகக் கொடுத்த சீலையைத் திருப்பித் தராத கதை எல்லாம் கொட்டினாள். "செத்தவளைக் குறை சொல்லக்கூடாது. ஆனா சீலை நல்ல சீலை மகள்!" என்று தானே சிரித்தாள்.

கண்ணகை சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அவ என்ன குடி?"

"ஆர், சீனித்தங்கமா? வைத்தினாகி குடி. அவள்ட தாயைப் பெத்த ஊர் இஞ்சால வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைதானே. அங்கிருந்து எங்கட பக்கம் வந்து குடியிருந்த ஆக்கள்." புஸ்பம் பனங்கட்டியைக் கடித்தாள். "நீங்க?"

"பொன்னாச்சி குடி."

"அப்ப நல்ல பொருத்தம்! பொன்னாச்சி வீட்டுப் பொண்ணும் வைத்தினாகி வீட்டுப் பொடியனும் எண்டா தேடிப் போய் எடுக்கிற சம்பந்தம். சீனித்தங்கம் இருந்திருந்தா துள்ளியிருப்பாள். என்னத்துக்கு மகள் முகம் இப்பிடிப் போகுது?"

கண்ணகையின் முகம் போகத்தான் செய்தது. காலையில் கந்தப்போடிக்கு முன்னால் குனிந்த தலை இப்போது நிமிர்ந்திருக்க வேண்டும். குடி தெரிந்துவிட்டது. பிழையில்லாத குடி. பின்னேரம் அவர் வரும்போது அடிவயிற்றிலிருந்து சொல்லலாம். நாளைக்கு அம்மன் வாசலில் தங்கை பெயரும் புருசன் பெயரும் மணிபோல் ஒலிக்கும். திங்கட்கிழமை இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாறுமூலைக்குப் போவார்கள். பிள்ளை அங்கே பிறக்கும். இந்த வீட்டில் கண்ணகையும் ஒரு பானையும் மிஞ்சும்.

அவள் எழுந்து கோப்பையை எடுத்தாள்.

"அஜந்தா இஞ்ச இல்ல. வந்தாறுமூலைக்குப் போயிட்டா."

"அட! அப்ப நான் பாக்க ஏலாதா?"

"இப்ப பாக்கவும் வேணாம். ஏழாம் மாசம். செத்த மாமிட கதை காதில விழப்படாது. பிள்ளை பிறந்த பிறகு வாங்க."

"அதுவும் சரிதான்." புஸ்பம் பழப்பையை நீட்டினாள். ஏமாற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. "இதையாவது குடுங்க. இஞ்ச ஆத்தங்கரையில என்ட பெறாமகள் வீட்டில ரெண்டு நாள் நிப்பன். நாளைக்குக் குளிர்த்தி பாத்துப்போட்டுத்தான் ஊருக்கு. கோயிலடியில காணுவம் மகள்."

கண்ணகை பழத்தை வாங்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சூடு என்றாள். புஸ்பம் அதே பையோடு திரும்பிப் போனாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அஜந்தா குடையை மடித்துக்கொண்டு வந்தாள். முகம் வேர்த்திருந்தாலும் ஒரு வெளிச்சம் இருந்தது. "மருத்துவிச்சி குழாயை என்ட காதில வெச்சுப் பிள்ளைட நெஞ்சுத் துடிப்பைக் கேக்க விட்டவ அக்கா! குதிரை ஓடுற மாதிரி..."

"இரி."

"தண்ணி குடிச்சிட்டு..."

"முதல் இரி அஜந்தா."

அவள் இருந்தாள். கண்ணகை நின்றுகொண்டே சொன்னாள். இருந்து சொல்ல அவளால் முடியாமல் போயிருக்கும்.

"உன்ட புருசன்ட ஊர் மனிசி ஒண்டு வந்த. புஸ்பமாம். அவன்ட தாயோட அயல்வீடு. தாயின்ட குடி சொல்லிப்போட்டுப் போன." ஒரு மூச்சு விட்டாள். "பொன்னாச்சி குடி."

அஜந்தாவுக்கு உடனே விளங்கவில்லை. "எங்கட குடியா? அப்ப..." என்று சிரிக்கப் போனாள். பிறகு சிரிப்பு வாயிலேயே நின்றது. கை வயிற்றுக்குப் போனது. தொட்டது. பிறகு ஏதோ சுட்டதைப் போல எடுத்துக்கொண்டது.

"இல்ல அக்கா."

"ஓம்."

"அந்த மனிசிக்குப் பிழையாத் தெரிஞ்சிருக்கும்."

"ஒரு வேலி. முப்பது வருசம். பிழையாத் தெரியுமா?"

"நான்... அவரோட மூணு வருசம்..." அவள் கையை வாயில் பொத்தினாள். முற்றத்துக்கு ஓடி வேலியோரம் சத்தி எடுத்தாள். கண்ணகை போய் நெற்றியைப் பிடித்துவிட்டாள். தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். அந்த நேரம் அவள் கை உண்மையாகவே அன்பாக இருந்தது. அதைவிடக் கொடுமை வேறில்லை.

"இப்ப கேள்," என்றாள் மெல்ல. "இது எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். அவன் இண்டைக்கே போகட்டும். வண்ணக்கர் வந்தா மாப்பிள்ளை விட்டிட்டுப் போயிட்டான் எண்டு நான் சொல்றன். விட்டிட்டுப் போனவன்ட குடியை ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. நீ இஞ்சயே பெறு. பிள்ளை என்ட மடியில வளரட்டும். உனக்கு முகம் குடுக்க ஏலாட்டி நீ பாக்கவே வேணாம். நான் பாப்பன். ஒரு பிள்ளையைக் கொண்டுபோன, ஒண்டைத் தந்திட்டுப் போ. சரிக்குச் சரி."

அஜந்தா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "பொய் சொல்லுவீங்களா அக்கா? குடி விசயத்திலயா?"

"மானத்துக்காகச் சொல்றது பொய்யில்ல."

அஜந்தா வாயைத் துடைத்துக்கொண்டாள். அறைக்குள் போய் வானொலியை நிறுத்தினாள். வீட்டில் அப்படியொரு அமைதி மூன்று வருசமாக இருந்ததில்லை. கண்ணகை அடுப்படியில் இருந்து கீரை ஆய்ந்தாள். தொட்டிலைக் கூரையின் எந்த வளையில் கட்டுவது என்றுகூட ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் மணிச்சத்தம். ஜெயந்தன் கடப்படியில் இறங்கும்போதே பேச்சோடுதான் இறங்கினான். தலைமயிரில் இன்னும் சீமெந்துத் தூள். கரியரில் நுளம்பு கடிக்காமல் குழந்தைக்கு விரிக்கிற வலை, குடைபோல மடித்துக் கட்டியிருந்தது.

"அஜந்தா! ஏறாவூரில மஜீட் காக்காட கடையில கடைசியாக் கிடந்த ஒண்டு. ரெட்டைப்பிள்ளை எண்டா என்ன செய்வாய் எண்டு கேக்கிறார். நான் சொன்னன், ஒண்டை வலைக்க போடுறன், மற்றதை உங்கட கடையில..."

"அதில நில்லுங்க."

அவன் நின்றான். வாசலில் அஜந்தா. நெற்றிப் பொட்டு அழிந்திருந்தது.

"உள்ளுக்க வராதீங்க அண்ணன்."

முதலில் அவன் சிரித்தான். "இதென்ன கதை? கிளினிக்கில என்ன குளுசை தந்தாங்க உனக்கு, புருசனை அண்ணன் எண்டு கூப்பிடுறாய்?" யாரும் சிரிக்காததைக் கண்டு கண்ணகையைப் பார்த்தான். "மச்சாள், என்னவாம் இவளுக்கு?"

"உங்கட அம்மாவும் பொன்னாச்சி குடியாம்," என்றாள் அஜந்தா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "உங்கட ஊர்ப் புஸ்பம் எண்ட மனிசி வந்து அக்காட்டச் சொல்லியிருக்கா. தெரியாமச் செஞ்ச. உங்களிலயும் பிழையில்ல, என்னிலயும் பிழையில்ல. போங்க அண்ணன்."

இரண்டாம் தரம் கேட்டபோது அந்தச் சொல் அவனுக்குள் இறங்கியது. சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்திருந்த கை வெளுத்தது.

"புஸ்பம் மாமியா? அவ உயிரோட இரிக்காவா?" என்றான். அவன் கண் ஒரு கணம் எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணாக இருந்தது. "எங்க அவ? நான் கேக்கிறன். என்ட அம்மாட குடி எனக்குத் தெரியா. விடுதியில குடி கேக்கிறேல்ல, சோத்துக் கோப்பை நம்பர்தான் கேப்பாங்க. அவவிட்ட நான் நேர கேக்க வேணும். எங்க?"

"பகல் பஸ்ஸில ஊருக்குப் போயிட்டா," என்றாள் கண்ணகை.

"அப்ப ஊருக்குப் போறன். கூட்டிக்கொண்டுவாறன். நாளைக்கு அம்மன் வாசலில வெச்சுக் கேப்பம்." அவன் வலையை அவிழ்த்து வேலியில் தொங்கவிட்டான். அஜந்தாவை ஒருதரம் பார்த்தான். "நான் வரும்வரைக்கும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லாத. வேற என்னெண்டாலும் சொல்லு."

சைக்கிள் போய்விட்டது.

அது போன பாதையிலேயே, கால் மணி நேரத்தில், கந்தப்போடி வந்தார். அவருக்குப் பின்னால் பானை தூக்கும் முறைக்காரப் பெண்கள் மூன்று பேர். கண்ணகை முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். சொல்ல வேண்டியதை மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"அம்மான், அந்தப் பொடியன் எங்களை விட்டிட்டு..."

"பொன்னாச்சி குடி," என்றாள் பின்னாலிருந்து அஜந்தா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர்ட தாயும் பொன்னாச்சி குடியாம். இண்டைக்குத்தான் தெரிஞ்ச. அக்கா மறைக்கச் சொன்னவ, என்ட மானத்துக்காக. ஆனா குடி விசயத்தில பொய் சொல்லி அம்மன்ட வாசலில நிக்கப்படாதெண்டு சின்னனில எனக்குச் சொல்லித் தந்ததும் அக்காதான்." வயிற்றைத் தாங்கியபடி நேராக நின்றாள். தாயைப் போலவே நின்றாள். "அதால சொல்லிப்போட்டன்."

கந்தப்போடி இரண்டடி பின்வாங்கினார். பெண்களில் ஒருத்தி வாயில் கை வைத்தாள். மற்றவள் மூன்றாமவளின் கையைக் கிள்ளினாள். நாளை விடிவதற்குள் வாவியின் இந்தப் பக்கம், எழுவான்கரை முழுக்க, இந்தக் கதை பரவிவிடும் என்று கண்ணகைக்குத் தெரியும்.

அவர் கொப்பியை விரித்து, பேனையைத் தேடியெடுத்து, நின்றபடி ஒரு கோடு இழுத்தார்.

"நாளைக்கு உங்கட வீட்டுப் பானை வேணாம். குடியில ரெண்டாம் முறை வீட்டுக்காரர் தூக்கட்டும்," என்றார். குரலில் கோபம் இல்லை. தீர்ப்பில் கோபம் எதற்கு? "பிறக்கிற பிள்ளைக்குக் குடியில இடமில்ல. இந்த வளவுக்க வளர்க்கவும் ஏலா. பொன்னாச்சி வீட்டு முத்தத்தில அப்பிடி ஒண்டு ஓடித் திரிஞ்சா ஊர் பாத்துக்கொண்டு இருக்காது."

"தெரியும்," என்றாள் அஜந்தா. "பெத்த கையோட மடத்துச் சிஸ்டர்மாரிட்டக் குடுத்திடுவன். அவரும் அப்பிடி ஒரு இடத்தில வளந்தவர்தானே. அக்காட கையிலயும் குடுக்கமாட்டன் அம்மான், நீங்க பயப்பிட வேணாம். அக்கா கேட்டவதான். அது பாசத்தில கேட்ட. இப்பிடிப் பிறக்கிற ஒண்டை மடியில வெச்சா அக்கா எப்பிடி நாலு பேருக்கு முன்னால தலை நிமிர்த்துவா?"

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள்.

கண்ணகைக்கு ஒரு சொல் போதும். 'வைத்தினாகி' என்று ஒரே ஒரு சொல். சொன்னால் பிள்ளைக்குக் குடி உண்டு, தகப்பன் உண்டு, நாளைக்கு அம்மன் வாசலில் பெயர் உண்டு. சொன்னால் மருதத்துறை நாலு தலைமுறைக்குப் பேசும்: பொன்னாச்சி வீட்டு மூத்தவள் தங்கை வயிற்றில் மண் போட்டவள் என்று. அந்தச் சொல் அவள் தொண்டை வரை வந்தது. ஆற்றங்கரையில் எங்கோ ஒரு வீட்டில் அதே சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மரமுந்திரிப் பழப்பையோடு ஒருத்தி நாளைய விடியலுக்குக் காத்திருக்கிறாள்.

"அம்மான்..."

கந்தப்போடி திரும்பிப் பார்த்தார். பெண்கள் மூவரும் பார்த்தார்கள்.

"என்ன புள்ள? சொல்லு."

கண்ணகை தலையை நிமிர்த்தினாள். முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள்.

"ஒண்டுமில்ல அம்மான். இருட்டுப்படுது. கடப்படியில கல்லு கிடக்கு, பாத்துப் போங்க."